'எதுவரை' என்ற கட்டம்: ஒரு வண்ணாரப்பேட்டைப் படிப்பகத்தின் கௌரவப் பட்டப் பதிவேடு

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் படிப்பகம் என்பது ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கிக் கட்டிய அறை. காலையில் நாலு தினசரி வரும், சாயங்காலம் கேரம் போர்டு இறங்கும். உள்ளே நுழைந்ததும் இடதுபக்கச் சுவரில் 'நம் பகுதியின் பெருமைகள்' என்று ஒரு பட்டியல் சில வருஷம் ஒட்டியிருந்தது. கௌரவப் பட்டமோ, சம்பளமில்லாத பொதுப் பதவியோ உள்ள பகுதிக்காரர்களின் பெயர்கள். முதலில் நோட்டில் எழுதி, அதிலிருந்து பெரிய எழுத்தில் அச்செடுத்து ஒட்டியது. அந்த வேலையைச் செய்த மூன்று பேரில் நானும் ஒருவன்.

வடசென்னை என்றாலே பேப்பரில் வெட்டுக்குத்துச் செய்திதான் வருகிறது, இங்கேயும் நாலு பேர் மதிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற ரோஷத்தில் தொடங்கினோம். ரோஷம் இருந்த அளவுக்கு நோட்டில் ஒழுங்கு இல்லை. அது ஒரு ஆயாவின் முந்நூறு ரூபாயில் போய் முடிந்தது.

ஆயா கொண்டுவந்த படிவம்

காசிமேட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்த அந்த ஆயா, முட்டிவலி வந்தபிறகு எங்கள் தெருவில் மகள் வீட்டுக்குக் குடிவந்தார். ஆதாரில் விலாசம் மாற்ற வேண்டும். வாடகை ஒப்பந்தம் மருமகன் பேரில், கரண்ட் பில் வீட்டுக்காரர் பேரில். கையில் வேறு தாள் இல்லாதவர்களுக்கென்றே ஒரு சான்றிதழ் படிவம் உண்டு. போட்டோ ஒட்டி, பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் வருகிற மாதிரி கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துத் தந்தால் மூன்று மாதம் செல்லும். யார் யார் கையெழுத்துப் போடலாம் என்பதும் அந்தப் படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது: கெஜட்டட் அதிகாரி, தாசில்தார், எம்.பி., எம்.எல்.ஏ., மாநகராட்சி கவுன்சிலர் என்று போகும்.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. படிப்பகத்தில் வந்து கேட்டிருக்கிறார். கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் சுவரைக் காட்டி, இவரிடம் போங்க ஆயா, பெரிய ஆளு என்று ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறான். ஆயாவும் போனார். அந்தப் பெரிய ஆள் கையெழுத்துப் போட்டு, வட்டமான ஊதா முத்திரை ஒன்றைக் குத்தி, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆதார் மையத்தில் படிவத்தைப் பார்த்த பெண் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் மேல் தப்பே இல்லை.

மறுநாள் ஆயா நேராக எங்களிடம் வந்தார். "இன்னா தம்பி, உங்க போர்டுல பேரு எழுதி ஒட்டிக்கினு கீறீங்க. அப்புறம் இன்னாத்துக்கு அவங்க வாணான்றாங்க?"

முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுற்றிலும் 'கௌரவ சமாதானத் தூதர்', நடுவில் நாலு சிங்கம். சிங்கமுகச் சின்னத்தைத் தனியார் இப்படி எடுத்துக் குத்திக்கொள்ளக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் தேசியச் சின்னச் சட்டப்படி அதற்கு இரண்டு வருஷம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. ஆனால் அன்றைக்கு எனக்கு உறுத்தியது அவருடைய சிங்கம் அல்ல, எங்கள் போர்டு. அந்தப் பெயர் எங்கிருந்து நோட்டுக்கு வந்தது என்று தேடினோம். ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கட்டியிருந்த பிளெக்ஸ் பேனரைப் பார்த்து நான்தான் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில் இருக்கிறது.

ஆயா வேறொரு படிவத்தில் கவுன்சிலரிடம் கையெழுத்து வாங்கினார். காசு கேட்கவில்லை. முந்நூறு ரூபாயை நாங்கள் மூன்று பேரும் பங்கு போட்டுக் கொடுத்தோம். அன்று சாயங்காலமே பட்டியலைக் கிழித்தோம், நோட்டை மட்டும் வைத்துக்கொண்டோம்.

நோட்டில் என்ன இருந்தது

நாலு கட்டம்: பெயர், பட்டம், முகவரி, போன். ஒவ்வொரு வரியாக எடுத்து, இது எப்படித் தெரியும் என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டோம். பாதிக்கு மேல் பதில் ஒன்றுதான்: கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்தது, பேனரில் இருந்தது, அவரே சொன்னார்.

அதைவிடப் பெரிய குழப்பம், ஒன்றுக்கொன்று ஒட்டாத சங்கதிகளை ஒரே கட்டத்தில் கொட்டியிருந்தோம். மாநில அரசு கொடுத்த கலைமாமணியும், ஏதோ ஒரு மன்றம் பொன்னாடையோடு கொடுத்த சேவைச் செம்மலும் மேலும் கீழுமாக ஒரே மையில் இருந்தன. போக்குவரத்தைச் சரிசெய்யும் வார்டன் பக்கத்திலேயே எழுபது வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒரு ராவ் சாகிப்பும் (வெள்ளைக்காரன் காலத்துப் பட்டம்) இருந்தார், போன் நம்பரோடு. அது பேரனுடைய நம்பர்.

'டாக்டர்'களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் பிளெக்ஸ் பேனர்களை எண்ணினால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைவிட அதிக டாக்டர்கள் தேறுவார்கள். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமோ நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ நாடாளுமன்றச் சட்டம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமோதான் பட்டம் கொடுக்க முடியும். மானியக் குழுவே போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அவ்வப்போது வெளியிடுகிறது. அதையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ராத்திரி, டீ ஆறியது தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

பட்டம் வேறு, விருது வேறு, பதவி வேறு. அரசியலமைப்பின் 18-வது பிரிவு, ராணுவம், கல்வி சார்ந்த சிறப்புகளைத் தவிர வேறு பட்டம் எதையும் அரசு கொடுக்கக் கூடாது என்கிறது. அப்படியானால் 1954-லிருந்து கொடுக்கும் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் என்ன? உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் சொன்ன பதில்: இவை விருதுகள், 18-வது பிரிவு தடுக்கிற பட்டங்களில் சேராது, ஆகவே செல்லும். ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ சேர்த்துப் போட்டுக்கொள்ளக் கூடாது, போட்டால் விருதே பறிபோகலாம். எங்கள் நோட்டில் பத்ம விருதுக்காரர் யாருமில்லை. இருந்தாலும் அந்தத் தீர்ப்பிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டோம்: பெயர்க் கட்டத்தில் பெயர் மட்டும். அடைமொழி எதுவானாலும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

இதில் முதலில் மனத்தாங்கல் வந்தது ஒரு மேடை நாடகக் கலைஞரிடமிருந்து. நாற்பது வருஷம் அரிதாரம் பூசியவர், அவர் வாங்கியதும் அசல் கலைமாமணிதான். "என்ன சார், கலைமாமணிய எடுத்துட்டீங்களே?" என்றார். எடுக்கவில்லை அண்ணா, நகர்த்தியிருக்கிறோம் என்று காட்டினேன். பக்கத்துக் கட்டத்தில் வருஷத்தோடும் அரசாணை எண்ணோடும் இருந்ததைப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் படித்தார். அரசாணை எண்ணை அவரே அன்றைக்குத்தான் முதல்தடவை எழுத்தில் பார்த்திருப்பார் போல.

புது நோட்டு

மாதிரிக்கு எங்கே போவது? பத்ம விருது விதிகளைப் படித்தபோது வழி கிடைத்தது. பெயர்கள் இந்திய கெஜட்டில் வெளியாக வேண்டும். குடியரசுத் தலைவரின் உத்தரவின்கீழ் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். விருதை ரத்து செய்யும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு. அப்படிச் செய்தால் பதிவேட்டிலிருந்து பெயர் அழிக்கப்படும், பதக்கத்தையும் சனது என்கிற பட்டயத் தாளையும் திருப்பித் தர வேண்டும். ரத்தை விலக்கித் திரும்பக் கொடுக்கவும் அதிகாரம் உண்டு. கொடுப்பதை எழுதுகிற அதே விதிமுறை எடுப்பதையும், மறுபடி கொடுப்பதையும் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் நோட்டில் கொடுத்தது மட்டும்தான் இருந்தது. அதுவும் அரைகுறையாக.

புது நோட்டை லாங் சைஸில் வாங்கி, இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கோடு போட்டோம். பெயர். என்ன கிடைத்தது. கொடுத்தது யார். எந்தத் தாள், அதன் எண், தேதி. எப்போதிலிருந்து. எதுவரை. அதனால் ஏதாவது அதிகாரம் உண்டா. தாளைக் கண்ணால் பார்த்தது எங்களில் யார், என்றைக்கு. முகவரியும் போனும் இந்த நோட்டில் கிடையாது. அவை பீரோவுக்குள் வேறு நோட்டில். பொதுமக்கள் பார்க்கிற பதிவேட்டில் ஒருவர் வீட்டு விலாசத்துக்கு வேலை இல்லை என்பதை அந்தப் பழைய நோட்டைப் பார்த்து வீடு தேடிப்போன ஒரு சிட்பண்டு ஏஜெண்ட் ஏற்கெனவே எங்களுக்குப் புரிய வைத்திருந்தார்.

'அதிகாரம்' கட்டத்தில் கிட்டத்தட்ட எல்லா வரியிலும் 'இல்லை' என்று எழுத வேண்டிவந்தது. அதுதான் ஆயாவுக்கு வேண்டியிருந்த கட்டம். ஆனால் நோட்டைப் புரட்டிப் பார்த்த பட்டக்காரர்களுக்குச் சுருக்கென்று இருந்தது. விருது வாங்கியவரைப் பார்த்து உனக்கு அதிகாரம் இல்லை என்று எழுதுவது மரியாதையா என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். நியாயம்தான். எங்களுக்குள் இரண்டு வாரம் பேசி, சொல்லை மாற்றினோம்: 'சான்றொப்பம் இடும் உரிமை: இதன்வழி இல்லை.' கொஞ்சம் நீளம். ஆனால் அவர் வேறு வழியில் கெஜட்டட் அதிகாரியாக இருந்தால் அதற்கும் இடம் இருக்கிறது.

தாள் காட்டாதவர்களைப் பற்றி 'போலி' என்று எழுதலாமா என்பதில் எனக்கும் படிப்பகச் செயலாளருக்கும் பலத்த வாக்குவாதம். எழுத வேண்டும் என்றேன் நான், ஆயாவின் கோபம் எனக்குள் மிச்சமிருந்தது. அவர் சொன்னது: நாம் கோர்ட் இல்லை. போலி என்று எழுதினால் நிரூபிக்க வேண்டியது நாம், அவதூறு வழக்கு வந்தால் கேரம் போர்டை விற்றாலும் வக்கீல் பீஸுக்குப் பற்றாது. கடைசியில் தாளைப் பார்க்காதவரை பெயரே ஏறாது என்று முடிவானது. யாராவது வந்து இன்னார் பெயர் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பது மட்டும்தான் பதில். சமாதானத் தூதரிடமும் ஆள் அனுப்பிக் கேட்டோம், தாளைக் காட்டினால் எழுதுகிறோம் என்று. இதுவரை வரவில்லை.

அழித்தல் திருத்தல் எல்லாம் சிவப்பு மையில் ஒற்றைக்கோடு, பக்கத்தில் தேதி, இனிஷியல். அடியில் இருப்பது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். வெள்ளை மை, பக்கம் கிழிப்பது இரண்டும் கூடாது. புதிதாக ஒருவரைச் சேர்க்கிறோம் என்றால் பதினைந்து நாள் அறிவிப்புப் பலகையில் போட்டு ஆட்சேபணை கேட்போம். ஒரே இனிஷியலோடு ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருக்கிற தெருக்கள் இங்கே அதிகம், அதில் இந்தப் பதினைந்து நாள் ஒருமுறை எங்கள் மானத்தைக் காப்பாற்றியது. அப்பா பெயரையும் சேர்த்து எழுத ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். வார்டு எண்ணை நம்பி எழுதியிருந்ததும் பிசகு. 2011-ல் மாநகராட்சி எல்லை விரிந்து 155 வார்டு 200 ஆனபோது எண்கள் எல்லாம் மாறிப்போயின. பழைய தீர்மானத்தில் இருக்கிற வார்டு எண்ணைப் பார்த்து இன்றைக்கு ஆளைத் தேடினால் வேறெங்கோ போய் நிற்போம்.

முடிந்துபோன பதவிகள்

'எதுவரை' கட்டத்துக்கு வருகிறேன். கிடைத்த நாளை எல்லோரும் சொல்வார்கள், போட்டோகூட இருக்கும். முடிந்த நாளை யாரும் சொல்வதில்லை.

போலீஸுக்கு உதவியாக இருந்த போலீஸ் நண்பர்கள் குழுவின் இளைஞர்கள் சிலர் பழைய நோட்டில் இருந்தார்கள். 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கிய அந்த அமைப்பை, சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு 2020 ஜூலையில் தமிழக அரசு தடை செய்தது. அடையாள அட்டை இன்னும் அவர்கள் பர்ஸில் இருக்கிறது. எங்கள் நோட்டில் அந்த வரிகளுக்கு யாரையும் கேட்காமலே முடிவு எழுதிவிட்டோம். அதில் ஒரு தம்பி மட்டும் வந்து, 'நான் அதுக்கு முன்னாடியே நின்னுட்டேன்ணா, அதையும் போடுங்க' என்றான். போட்டோம்.

ஆளுக்கு முன்னால் பதவியே போய்விடுவதும் உண்டு. ஷெரீப் என்ற கௌரவப் பதவி மும்பையிலும் கொல்கத்தாவிலும் நீடித்தது, சென்னையில் 1998-ல் எடுத்துவிட்டார்கள். 1688-ல் இந்த மாநகராட்சி தொடங்கியபோது மேயரோடு ஆல்டர்மன் என்ற மூத்த உறுப்பினர்கள் 12 பேர் இருந்தார்கள், இன்றைக்கு ஆல்டர்மன் என்றால் என்ன சாமான் என்று கேட்பார்கள். ஆனரரி மாஜிஸ்திரேட்டுகள் பெஞ்சாக உட்கார்ந்து சில்லறை வழக்குகளை விசாரித்த காலம் ஒன்று இருந்தது, இன்னமும் மாஜிஸ்திரேட் வீடு என்றே சொல்லப்படுகிற வீடு எங்கள் பக்கத்தில் உண்டு. வாசலில் தையல்கடை. இன்னும் பின்னால் போனால் பதவி ஊர்ப்பெயராகவே ஆகிவிட்டது. கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்தைக் காவல்காத்த பெத்தநாயக்கன் பெயரில் பெத்தநாயக்கன்பேட்டை, கொத்தவால் என்ற அதிகாரி உட்கார்ந்த இடத்தில் கொத்தவால் சாவடி. 1996-ல் அங்கே இருந்த காய்கறிச் சந்தையும் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. வண்ணாரப்பேட்டையின் கல்லூரிக்குச் சர் தியாகராயா என்று இன்னும் 'சர்' ஒட்டியிருக்கிற மாதிரி.

ஊர்ப் பெரியவர்களான பெரியதனக்காரர்களையும், மீனவர் குப்பங்களின் கிராம நிர்வாகிகளையும் சேர்ப்பதா என்று கேள்வி வந்தது. மயானக் காரியத்திலிருந்து கோயில் கூழ் வரைக்கும், பகுதியில் உண்மையிலேயே நடக்கிற காரியம் அவர்கள் சொல்லில்தான் நடக்கிறது. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. "அது ஊர் வைக்கிற மரியாதை தம்பி, உன் நோட்டுல ஏத்தினா நாளைக்கு உன் நோட்டுதான் பெரியதனம்னு ஆயிடும்" என்று ஒரு பெரியவர் சொன்னார். சேர்க்கவில்லை. எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

ராவ் சாகிப்பின் சனது

கடைசியாக அந்தப் போன் நம்பரோடு இருந்த ராவ் சாகிப். பேரன் ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். தன் விசிட்டிங் கார்டிலும் பெயருக்கு முன்னால் ராவ் சாகிப் குடும்பம் என்று போட்டுக்கொள்வார். தாளைப் பார்க்க வேண்டும் என்று போனபோது சந்தோஷமாக உள்ளே கூப்பிட்டு, பூஜை அறையில் சாமி படங்களுக்கு நடுவே மாட்டியிருந்த சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார். செல் அரித்து இடதுபக்க ஓரம் சல்லடையாக இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே தூசி. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இங்கிலீஷில் இருந்ததை நான் மெதுவாகத் தமிழில் சொன்னேன். வைஸ்ராய் பெயரில் இரண்டே வரி: ராவ் சாகிப் என்ற பட்டத்தைத் தங்களுக்குத் தனிப்பட்ட சிறப்பாக இதன்மூலம் வழங்குகிறேன்.

"தனிப்பட்டன்னா?" என்றார்.

"தாத்தாவுக்கு மட்டும்னு அர்த்தம் ஐயா. வாரிசுக்கு வராது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே திரும்பி, காபி கொண்டுவரச் சொன்னார். அப்புறம் அவரே, அப்படியானால் நோட்டில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார். சிக்கல் அங்கேதான். இந்தப் பட்டங்கள் ஒருவருக்கே படிப்படியாக ஏறும். இரட்டைமலை சீனிவாசன் 1926-ல் ராவ் சாகிப், 1930-ல் ராவ் பகதூர், 1936-ல் திவான் பகதூர். மூன்று வருஷத்துப் பட்டியலைத் தனித்தனியாகப் பார்த்து எழுதுகிறவன் மூன்று ஆள் என்று எழுதிவிடுவான். அதனால் ஆளுக்கு ஒரு பக்கம், பட்டத்துக்கு ஒரு வரி. மேல் பட்டம் வந்தால் கீழ் வரிக்கு அன்றோடு முடிவு. இவருடைய தாத்தாவுக்கு மேல் பட்டம் வந்ததாகத் தாள் எதுவும் இல்லை. ஆகவே, அவர் இறந்த நாளோடு முடிவு.

"என்றைக்கு இறந்தார் ஐயா?"

"ஆடி மாசம், தேய்பிறை ஏகாதசி" என்றார் உடனே. வருஷா வருஷம் திவசம் கொடுக்கிறவர், அதில் சந்தேகமே இல்லை. எந்த வருஷம் என்று கேட்டேன். மேலே பார்த்தார், விரலை மடக்கினார், உள்ளே இருந்த அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா, புயல் அடித்த வருஷம் என்றார். எந்தப் புயல் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. நாங்கள் காபியைக் குடித்துவிட்டு, மாநகராட்சியின் பழைய இறப்புப் பதிவில் தேடச் சொல்லி மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்த வரியில் மற்ற கட்டம் எல்லாம் மையில் இருக்கிறது. 'எதுவரை' கட்டத்தில் பென்சிலால் 'ஆடி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.